கழுத்தறுத்த சைக்கிள்

போன வாரம் குளுவாங் சந்தைக்கு முட்டை வாங்கப் போனவன், முட்டை வாங்காமல் வீடு திரும்பினேன். வீட்டில் கிடைத்த வரவேற்பைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வாசனை. சந்தைக்குப் பின்புறச் சந்தில் இரும்புக் கேட்டும் கிராதியும் செய்கிற ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. அன்றைக்கு அதற்குள்ளிருந்து கருகிய பெயிண்டும் உருகிய பித்தளையும் கலந்த ஒரு வாடை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்குக் கால் தானாக நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தால், எங்கள் தெரு இளைஞன் குணா நின்றுகொண்டிருந்தான். அவனுடைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் கிடந்தது. அவன் வயதுள்ள நண்பன் ஒருவன் கீழே உட்கார்ந்து, சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கின் இரண்டு கால்களிலும் ஒட்டுப்போட்டு நீளமாக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல அங்கிள். முன்னால நீட்டுறோம். சிங்கப்பூர்ல இப்ப இதான் ஃபேஷன்."

"நீட்டினா மெதுவாப் போறப்போ ஹேண்டில் ஒரு பக்கமா விழுமே."

"அலமாக்! அங்கிளுக்கு இதெல்லாம் தெரியுமா?"

தெரியும் தம்பி, ஒரு காலத்தில் இதற்காக என் சொந்த சைக்கிளின் கழுத்தை அறுத்தவன் நான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியவன் பழங்கதையை எடுத்தால் இளைஞர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

ரப்பர் விலை படுத்து, தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டு, மறுபடி மெல்ல எழுந்து உட்கார்ந்த காலம் அது. எங்கள் தோட்டம் குளுவாங்கிலிருந்து செம்மண் பாதையில் வெகுதூரம் உள்ளே இருந்தது. நான் ரப்பர் ஆலையின் இஞ்சின் கொட்டகையில் எண்ணெய் போடுகிறவன். என் உடம்பிலிருந்து எப்போதும் கிரீஸ் வாடை வரும், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் வரும். குடியிருப்பு அண்ணன் குடும்பத்தோடு ஒரே லயத்துக் காம்பராவில். அண்ணி நல்லவர்தான். ஆனாலும் ஒரே அறையில் நடுவில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான் என்று எத்தனை நாளைக்கு இருக்க முடியும்?

என் சிநேகிதன் மணியம் தோட்டத்து லோரியில் கெலிண்டான். ஓட்டுநருக்குக் கூடமாட உதவி, மூட்டை ஏற்றி இறக்கி, கிளம்பும்போது இஞ்சினைச் சுற்றிவிடுகிற வேலை. ஊர் ஊராய்ப் போய் வருவதால் மலாய் சரளமாகப் பேசுவான். தங்காக் துணிக்கடைகளிலிருந்து மெர்சிங் மீன் கொட்டகை வரைக்கும் அவனுக்கு ஆள் உண்டு. எனக்குத் தோட்டத்தைத் தாண்டினால் தலையும் புரியாது, காலும் புரியாது. சிநேகிதர்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடுவது வழக்கம்தான். நாங்கள் கூப்பிட்டுக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவன் தங்கை பாக்கியத்தை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. பாக்கியத்துக்கும் சம்மதம் என்றுதான் நினைக்கிறேன். கிணற்றடியில் என்னைப் பார்த்தால் வாளியை வேண்டுமென்றே மெதுவாக இழுப்பாள்.

அவள் அம்மா மட்டும் ஒரு முட்டுக்கட்டை போட்டார். "நான்தான் காம்பராவுல கெடந்து புள்ள பெத்தேன். என் மவளும் அப்படித்தான் பெக்கணுமா? தனி வீடு காட்டச் சொல்லு, நாளைக்கே பாக்கு வெத்தல மாத்திக்கலாம்." தோட்டத்தில் எண்ணெய் போடுகிறவனுக்கு யார் தனி வீடு தருவார்கள்?

அப்போதுதான் தப்பால் வேலை காலியானது. டவுனிலிருந்து வருகிற கடிதப் பையைத் தோட்டத்தில் தப்பால் என்போம். பழைய தப்பால்காரர் காலில் ஆறாத புண்ணோடு ஊருக்குக் கப்பலேறிவிட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், ஆபீஸ் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அறிவித்தார்: "சொந்தமா மோட்டார் வண்டி வச்சிருக்கிறவனுக்குத்தான் இனிமே தப்பால் வேல. துரைக்கு மத்தியானம் சாப்பிட உக்கார்றதுக்கு முன்னால கடுதாசி கையில இருக்கணுமாம்." பெரட்டே சிரித்தது. எங்களில் யாரிடம் மோட்டார்? மண்ணெண்ணெய் விளக்கே பக்கத்துக் காம்பராவில் கடன். ஆனால் அந்த வேலையோடு ஒரு பலகை வீடும் சேர்ந்து வந்தது. மாட்டுக்கொட்டகையைத் தாண்டித் தனியாக நிற்கும், சொந்தக் கிணறு, வாசலில் ஒரு ரம்புத்தான் மரம். நான் சிரிக்கவில்லை. மணியமும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மணியத்திடம் ஒரு சின்ன இஞ்சின் இருந்தது. நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, சாமான் ஏற்றிக் கொடுத்ததற்காக அவனிடம் விட்டுப்போனது. என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சில தீபாவளிகளுக்குப் புது வேட்டி எடுக்காமல் வாங்கின சைக்கிள். அதைத் துடைக்கத் தனித் துணி வைத்திருந்தேன், முகம் துடைக்கிற துணியைவிட அது சுத்தமாக இருக்கும். இஞ்சினை சைக்கிளின் முக்கோணத்துக்குள் தொங்கவிட்டு, தோல் பட்டையைப் பின்சக்கரத்துக்கு மாட்டினால் மோட்டார் வண்டி.

"நம்ம வண்டி மச்சான்! ஒரு வாரம் நீ ஓட்டு, ஒரு வாரம் நான் ஓட்டுறேன். நீ பாக்கியத்தைக் கட்டிக்கிட்டு அந்த வீட்டுலயே இரு. அம்மாவும் நானும் ஒரு ஓரமாக் கெடந்துக்குறோம். நம்ம வீடுதானே!"

வண்டி ஓடியது. ஓடினது மட்டுமில்லை, முனியாண்டி மேட்டு இறக்கத்தில் வேகம் பிடித்ததும் ஹேண்டில் இரண்டு பக்கமும் உதற ஆரம்பித்தது. நான் பிடித்துப் பார்த்தேன். சாமி வந்தவன் கையை யார் பிடிக்க முடியும்? வண்டி என்னைக் காட்டுப்பக்கம் இறக்கிவிட்டுத் தான் மட்டும் கொஞ்ச தூரம் போய்ப் படுத்தது. மணியம் ஓட்டினாலும் அதே கதை.

சக்கரம் இன்னும் முன்னால் இருந்தால் வண்டி நிதானமாகப் போகும் என்று எனக்குப் பட்டது. போர்க்கின் கால்கள் நுனியில் முன்பக்கமாக வளைந்திருக்கும் அல்லவா, அந்த வளைவைச் சூடுகாட்டி இன்னும் வளைத்தேன். பெரிய அறிவாளி! முன்பு இறக்கத்தில் மட்டும் உதறின வண்டி, இப்போது சமதரையிலேயே உதறியது. மணியம் சிரித்துச் சிரித்துச் செம்மண்ணில் உருண்டான்.

எனக்கு ஞானம் வந்தது மலேரியாவால். காய்ச்சலோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். கொயினா மருந்தின் கசப்பு தொண்டையை விட்டு இறங்கவில்லை, காதில் வண்டு ரீங்காரம். வார்டில் மருந்துத் தள்ளுவண்டி ஒன்று வரும். அதன் காலில் சின்னச் சக்கரங்கள். வண்டியைத் தள்ளினால் ஒவ்வொரு சக்கரமும் தன் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒழுங்காக உருளும். திருப்பி இழுத்தால் படபடவென்று துடித்து, சுற்றி, மறுபடி பின்னால் போய் நின்றுகொள்ளும். வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில் திரும்புகிற குழாயின் சாய்வை ஒரு நூல் பிடித்துத் தரைவரை நீட்டினால் அது எங்கே தொடுகிறதோ, அதற்குப் பின்னால்தான் சக்கரம் தரையைத் தொட வேண்டும். பின்னால் இருக்க இருக்க நிதானம். நான் என்ன செய்தேன்? போர்க்கை வளைத்துச் சக்கரத்தை நூலுக்கு முன்னே தள்ளினேன். கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்து கத்தினேனாம். ஜன்னி கண்டுவிட்டது என்று வைத்தியம் பார்த்த டிரஸர் இன்னொரு கொயினா கொடுத்தார்.

ஆகவே வைத்தியம் இரண்டு. போர்க்கின் வளைவைக் குறைக்க வேண்டும். அது சுலபம். இன்னொன்று, ஹேண்டில் திரும்புகிற அந்தக் குழாயை, அதாவது சைக்கிளின் கழுத்தையே பின்பக்கம் சாய்க்க வேண்டும். அதற்கு முக்கோணத்தின் கீழ்க்குழாயைக் கழுத்துக்குப் பக்கத்தில் அறுத்து, நடுவில் ஒரு துண்டு சேர்க்க வேண்டும். கீழ்ப்பக்கம் முன்னே தள்ளப்பட்டால் கழுத்து தானாக மல்லாந்துகொள்ளும்.

குளுவாங்கில் சைக்கிள் கடை வைத்திருந்த ஆ ஹோக்கிடம் கொண்டுபோனோம். அவர் தரையில் நான் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட படத்தையும் பார்த்தார், பளபளக்கிற சைக்கிளையும் பார்த்தார். "லு கிலா கா?" என்றார். உனக்குப் பைத்தியமா என்று அர்த்தம். நியாயமான கேள்வி. அறுக்க மாட்டேன் என்று ரம்பத்தை என் கையில் கொடுத்துவிட்டார். நானே அறுத்தேன். ரம்பம் பெயிண்டைத் தாண்டி இரும்பில் இறங்கினதும் கையை நிறுத்திவிட்டேன். மணியம் என் முதுகில் கைவைத்துக்கொண்டு, "அறு மச்சான், நம்ம வண்டிதானே, அறு" என்றான். நம்பிக்கையோடு அறுத்தேன்.

உடைந்த சைக்கிள் ஒன்றிலிருந்து இரண்டு விரல்கடைத் துண்டு. உள்ளே ஒரு சிறிய குழாயைச் செருகி, வெங்காரப் பொடியைத் தூவி, கரி உலையில் வைத்துத் துருத்தியை ஊதினோம். பெயிண்ட் கொப்பளித்துக் கருகியது. வெங்காரம் பாகுபோல் இளகியது. பித்தளை உருகி ஒட்டுக்குள் ஓடினது. நான் சந்தையில் முகர்ந்த வாசனை இதுதான். ஆ ஹோக்கே வாயைப் பிளந்து பார்த்தார். நூலைப் பிடித்துக் காட்டினேன். நூல் தொட்ட இடத்துக்கு நன்றாகப் பின்னால் சக்கரம் நின்றது.

முனியாண்டி மேட்டு இறக்கத்தில் அன்றைக்கு நான் போனதுபோல் பிறகு எதிலும் போனதில்லை. பின்னாளில் மகன் காரில் போயிருக்கிறேன், ரயிலில் போயிருக்கிறேன். அவையெல்லாம் சும்மா போவது. ஹேண்டிலை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினேன். வண்டி நூல் பிடித்தது போல் இறங்கினது. கீழே மணியம் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தான். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால் எனக்கு நல்லதுதான்.

துரை வண்டியைப் பார்க்க ஆலை மைதானத்துக்கு வந்தார். ஓட்டிக் காட்ட வேண்டியவன் நான், பேச வேண்டியவன் மணியம் என்று ஏற்பாடு. ஓட்டிக் காட்டினேன். இறங்கி, கையில் கிரீஸோடு ஓரமாக நின்றேன். துரை மலாயில் கேட்டார், "சியாப்பா பூன்யா?" யாருடைய வண்டி என்கிறார்.

"சாயா பூன்யா, துவான்." என்னுடையது என்றான் மணியம்.

துரை என் பக்கம் பிரம்பை நீட்டினார். மணியம் திரும்பிப் பார்க்காமலே சொன்னான், "டியா தோலோங் சாஜா." அவன் சும்மா ஒத்தாசை.

அவ்வளவு மலாய் எனக்கும் தெரியும். ஆனாலும் நான் கோபப்படவில்லை. துரையிடம் இரண்டு பேர் பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காமல் போகலாம், அதற்காகச் சொல்லியிருக்கிறான் என்று எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். துரையிடம் பேசுவது ஒரு பாஷை, நமக்குள் பேசுவது ஒரு பாஷை. ஏமாறப் போகிறவனுக்குச் சமாதானம் சொல்ல வெளியாள் வேண்டுமா என்ன?

வீடு கிடைத்தது. மணியம் குடும்பம் குடிபோன அன்று சாமான் தூக்கினவர்களில் நானும் ஒருவன். நான் தூக்கினது அம்மிக்கல். "மெதுவா தம்பி, இடுப்பு புடிச்சுக்கும்" என்றார் மணியத்தின் அம்மா. அம்மி மிதிக்க வைக்கப் போகிறவன் அம்மி சுமந்தால் என்ன என்று எனக்குள் ஒரு ஹாஸ்யம் வேறு. அதை யாரிடமும் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் இப்போது ஆறுதல்.

முதல் வாரம் மணியம் ஓட்டினான். என் வாரம் வந்ததும் விடிந்தவுடன் போய் நின்றேன். பழைய காக்கிச் சட்டையைச் சோற்றுக் கஞ்சி போட்டு மடித்து அணிந்திருந்தேன். மணியம் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த துணி, நான் சைக்கிளுக்கென்று வைத்திருந்த துணி.

"வா மச்சான், நல்ல நேரத்துல வந்த. எங்க வண்டி பட்டை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. இறுக்கிக் குடுத்துட்டுப் போயேன்."

எங்க வண்டி.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம்ம என்றால் நீயும் உண்டு. எங்க என்றால் நீ இல்லை. மலாய்க்காரர்களுக்கும் இந்த வித்தியாசம் உண்டு. துரைகளின் பாஷையில் மட்டும் இரண்டுக்கும் ஒரே சொல்லாம், கொடுத்து வைத்தவர்கள். துரையிடம் அவன் சொன்ன 'சாயா பூன்யா'வை நான் விழுங்கிவிட்டேன். இது தமிழில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. அவன் யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பேச்சுவாக்கில் வந்தது. அவன் மனதுக்குள் நான் எப்போதோ வெளியே போய்விட்டிருந்தேன், வாய் அன்றைக்குத்தான் சொன்னது.

இதில் வேடிக்கை, பட்டையை நான் இறுக்கிக் கொடுத்தேன். கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. இறுக்கி முடித்த பிறகுதான் கேட்டேன், "மச்சான், இந்த வாரம் நான்தானே ஓட்டணும்?"

"அது வந்து... துரை ஒத்துக்க மாட்டாரு. ஒருத்தரே பாத்தாத்தான் நல்லதுன்னு எங்க அம்மாவும் சொல்லுது."

"அப்ப தங்கச்சி விஷயம்?"

"எங்க வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்."

மறுபடியும் எங்க. கிணற்றடியில் பாக்கியம் வாளியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அன்றைக்கு அவள் அதை இழுக்கவே இல்லை.

கிராணியிடம் போனேன். "மச்சான் மச்சான்னு ரெண்டு பேரும் கூவிக்கிட்டுத் திரிஞ்சீங்க, இப்ப எங்கிட்ட பஞ்சாயத்தா?" என்று அனுப்பிவிட்டார். என் சைக்கிளைக் கொடு என்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் என் பாதியை எடுக்க வேண்டுமானால் மறுபடி ரம்பத்தைத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கழுத்தை இன்னொரு முறை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. மணியத்துக்கு அப்படியொரு சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

பாக்கியத்தை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்குப் போனேன். அதே வீடு, அதே அம்மி. பாயசம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எனக்கு அன்றைக்கு நாக்கில் கொயினாதான் இருந்தது.

கொஞ்ச காலம் கழித்து மணியம் ஒரு மாட்டு வண்டியில் மோதி, போர்க்கு வளைந்துபோனது. டவுனில் வேறொரு கடையில் சாதாரண சைக்கிள் போர்க்கை வாங்கி மாட்டிக்கொண்டான். பழையபடி நல்ல வளைவு, பார்க்க அழகு. வண்டி மறுபடி உதற ஆரம்பித்தது. ஆலைக்குப் பக்கத்து இறக்கத்தில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஹேண்டிலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து, கால்களைத் தரையில் இழுத்தபடி இறங்குவதை இஞ்சின் கொட்டகையிலிருந்து தினமும் பார்ப்பேன். ஒரு வார்த்தை அவன் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன். அவன் மேல் எவ்வளவு கோபமோ, அதற்குக் குறையாமல் இதற்காக என் மேலும் கோபம்.

ஜப்பான்காரன் காலம் வந்து போனது. சண்டையெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் குளுவாங் ஸ்டேஷன் காப்பிக்கடையில் மணியத்தைப் பார்த்தேன். முன்மண்டை வழுக்கை, கையில் குடை. ஓடி வந்து கட்டிக்கொண்டான். காப்பி சொன்னான்.

"வண்டியை ஜப்பான்காரன் புடுங்கிக்கிட்டான் மச்சான். ஆளையும் அடிச்சு, வண்டியையும் கொண்டுபோயிட்டான்." கண் கலங்கினது அவனுக்கு. "நம்ம வண்டி... ஞாபகம் இருக்கா மச்சான்?"

வண்டி இருந்தபோது எடுத்துக்கொண்ட சொல்லை, வண்டி போன பிறகு திருப்பிக் கொடுக்கிறான்.

"உங்க வண்டியா? ஞாபகம் இருக்கு" என்றேன்.

அவனும் தமிழன்தானே, புரியாமல் இருக்குமா? காப்பியை ஊதிக்கொண்டே இருந்தான். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. இஞ்சின் கொட்டகை இருந்த இடத்தில் லோரி நிறுத்துகிறார்கள். முனியாண்டி மேட்டைச் சமமாக்கித் தார் போட்டுவிட்டார்கள், பஸ் போகிறது, யாருக்கும் கை உதறாது. தப்பால் என்றால் என் பிள்ளைகளுக்கே தெரியாது. அந்தப் பலகை வீட்டைத் தேடிப் பார்த்தேன். ரம்புத்தான் மரம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் காய்த்துக்கொண்டிருக்கிறது. இவை போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. யாராவது நம்ம என்று சொன்னால், அதில் நான் உண்டா என்று யோசிக்காமல் போய்ச் சேர்ந்து நின்ற ஒருவன் அங்கே இருந்தான். அவனைத்தான் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

பட்டறையில் நடந்த ஒன்றை மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். நான் கிளம்பும்போது குணா, வெல்டிங் செய்கிற நண்பனின் தோளில் கைபோட்டுக்கொண்டு, "பயப்படாதீங்க லா அங்கிள், நம்ம வண்டி, நல்லாத்தான் வரும்" என்றான். அந்த நண்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கரி படிந்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். அவனிடம் ஏதோ சொல்ல நினைத்து, என்னவென்று தெரியாமல், நடந்து நடந்து வீடு வந்து சேர்ந்தேன். முட்டை மறந்தது அதில்தான்.